சிலம்பப் பயிற்சிக்குக் கம்பு தேர்ந்தெடுத்தல்: பர்மாவில் வாழும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

சிலம்பம் கற்க விரும்பும் ஒருவர் முதலில் ஆசானைத் தேட வேண்டும், பிறகுதான் கம்பைத் தேட வேண்டும். ஆனால் யாங்கோனில் என்னிடம் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பலர், சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் சொல்லி, வண்ணத்தாள் சுற்றி வார்னிஷ் பூசிய கம்பை முன்கூட்டியே வரவழைத்து வைத்துவிடுகிறார்கள். அது பிள்ளையின் கைக்குப் பெரிதாக இருக்கும், அல்லது நுனிப்பக்கம் கனமாக இருக்கும், அல்லது வார்னிஷ் வழுக்கும். மூங்கிலும் பிரம்பும் காடுகாடாக விளைகிற நாட்டில் இருந்துகொண்டு, ஒரு மூங்கில் கம்பைக் கடல் தாண்டி வரவழைப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும். ஆகவே இங்கே கிடைக்கும் பொருளிலிருந்து, கற்பவரின் உடலுக்கும் பயிற்சிக்கும் பொருந்தும் கம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை, அனுபவத்தில் அறிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

சிலம்பம் என்றதும் கம்பு மட்டுமே நினைவுக்கு வந்தாலும், அதனுடன் மான்கொம்பு, வேல்கம்பு, வாள், சுருள்வாள், குறுங்கம்பு எனப் பல கருவிகள் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்பவருக்கு என் விடை ஒன்றுதான்: நெடுங்கம்பு ஒன்றை மட்டும் வாங்குங்கள். காலடியும், மணிக்கட்டின் சுழற்சியும், இரு கைகளின் ஒத்திசைவும் கம்பில்தான் படிகின்றன. மற்றவை யாவும் அதன்மேல் கட்டப்படுபவை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்த துடைப்பக் கட்டையைக் கொடுத்து அனுப்பும் தந்தையரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழமொழி வல்லவனைப் பற்றியது. கற்பவனுக்குக் கருவி சரியாக இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் தவறான கம்பு தவறான பிடியைப் பழக்கிவிடும், அந்தப் பிடியை மாற்றுவதற்குக் கற்றுக்கொண்டதைப்போல் இருமடங்கு காலம் ஆகும்.

பிரம்பா, மூங்கிலா

கற்கத் தொடங்குபவருக்குப் பிரம்பு. அடிமுறையும் தடுப்பும் ஓரளவு கைவந்த பிறகு கல்மூங்கில். இதுவே என் கணிப்பு. சில ஆசான்கள் முதல் நாளிலிருந்தே மூங்கிலைக் கையில் கொடுப்பதுண்டு. அவர்களுடைய மாணவர் அவர்கள் சொல்வதையே கேட்க வேண்டும்.

பிரம்பை முன்வைப்பதற்குக் காரணம் அது உடையும் விதம். பிரம்பு உள்ளே குழலில்லாமல் நாரால் நிறைந்திருப்பதால், பலத்த அடி பட்டால் நைந்து, பஞ்சு பிரிவதைப்போல் நார் நாராகப் பிரியுமே தவிர, சிம்பாகத் தெறிக்காது. மூங்கிலோ நீளவாக்கில் பிளந்து, கத்தி முனை போன்ற சிம்பை நீட்டிவிடும். எதிராளியின் முகத்துக்கு அருகில் கம்பு சுழலும் பயிற்சியில் இந்த வேறுபாடு சிறியதன்று. பிரம்பின் உறுதிக்குச் சான்று வேண்டுமென்றால் தெருமுனையில் ஆடும் சின்லோன் பந்தைப் பார்த்தால் போதும். பிரம்பைப் பின்னிச் செய்த அந்தப் பந்து, வட்டமாக நின்று ஆடுபவர்களின் காலிலும் முட்டியிலும் மாலை முழுதும் உதைபட்டும் உருக்குலையாமல் மீள்கிறது. மேலும் பிரம்பு பனைக்குடும்பத்தைச் சேர்ந்த கொடியாதலால் தண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கும். சமநிலை தேடி அலைய வேண்டியதில்லை.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பிரம்பு வளைந்தே வளர்வது. கடையில் வாங்கும் பிரம்பைச் சூடு காட்டி நிமிர்த்தாமல் பயன்படுத்த இயலாது. ஈரக்காற்றில் மறுபடியும் வளையும். நீண்ட நாள் அடி வாங்கினால் தளர்ந்து, குத்தும்போது நுனி ஆடும். குத்து வரிசைகளைப் பழகும் நிலைக்கு வந்த மாணவருக்கு இந்த ஆட்டம் எரிச்சலூட்டும். அப்போது மூங்கிலுக்கு மாறலாம். பர்மிய மொழியில் பிரம்புக்குப் பெயர் ச்செயின். நாற்காலி பின்னும் பட்டறைகளில், நாற்காலியின் காலுக்கு என்று வைத்திருக்கும் முழுப்பிரம்பைக் கேட்டு வாங்க வேண்டும்; பின்னுவதற்கு உரித்த பிரம்பு நமக்கு உதவாது, ஏனெனில் பளபளப்பான மேல்தோல்தான் அடியைத் தாங்குவது.

மூங்கிலின் வகை அறிதல்

பர்மியர் மூங்கிலைப் பொதுவாக வா என்பார்கள். யாங்கோனின் லான்மடோ பகுதியில் ஆற்றுத்துறைக்குப் போகும் வாடன் தெருவுக்கு மூங்கில் வரிசை என்பதே பொருள். ஆனால் கடையில் போய் வா வேண்டும் என்று மட்டும் கேட்டால், வேலிக்கும் சாரத்துக்கும் விற்கும் மூங்கிலைத்தான் எடுத்துப் போடுவார்கள். வகையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தின்வா என்பது மெல்லிய சுவருள்ள மூங்கில். பேருந்து நிலையங்களில் ஒட்டரிசியைக் குழலுக்குள் இட்டு நெருப்பில் வாட்டி விற்கிறார்களே, அந்தக் குழல் இதுதான். கையாலேயே உரித்துத் தின்னும் அளவுக்கு மெல்லியதாகச் சீவிவிடுகிறார்கள் என்றால், அதன் சுவர் சிலம்பத்துக்கு எவ்வளவு உதவும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பார்வைக்கு நேராகவும் கைக்கு இலகுவாகவும் இருப்பதால் புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ச்சதவுங்வா வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் பிளந்து பயன்படும் பருத்த மூங்கில், கைப்பிடிக்குள் அடங்காது. நாம் தேட வேண்டியது ம்யின்வா. தமிழ்நாட்டில் கல்மூங்கில் என்று வழங்கும் அதே இனம்தான் இது. இந்தியாவில் லத்திகள் செய்யப் பயன்படுவதும் இதுவே. வறண்ட மண்ணில் வளர்ந்த ம்யின்வாவின் உட்குழல் மிகச் சிறுத்து, சில கழிகளில் அடியோடு இல்லாமலே போய்விடும். ஈரம் மிகுந்த இடத்தில் வளர்ந்ததற்குக் குழல் இருக்கும். ஆகவே ம்யின்வா என்ற பெயரைக் கேட்டதோடு நில்லாமல், இரு முனைகளிலும் குழலின் அளவைப் பார்க்க வேண்டும். குழல் சுண்டுவிரல் நுனியையே ஏற்காத அளவுக்குச் சிறிதாக இருந்தால் அந்தக் கழியை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முற்றல். மூங்கில் குருத்தாக மண்ணைவிட்டு எழும்பும்போதே தன் முழுப் பருமனோடு எழும்புகிறது. சில மாதங்களிலேயே முழு உயரத்தையும் அடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது பருப்பதில்லை, உள்ளே இறுகுவது மட்டுமே நடக்கிறது. எனவே பருத்த மூங்கில் முற்றிய மூங்கில் என்று எண்ணுவது பிழை. மூன்று ஆண்டு கடந்த கழியே நமக்கு வேண்டியது. இளங்கழியின் மேல் வெண்பொடி படிந்திருக்கும், கணுவில் பாளையின் மிச்சம் ஒட்டியிருக்கும், பச்சை பளிச்சென்று இருக்கும். முற்றிய கழியில் பச்சை மங்கி, ஆங்காங்கே சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்திருக்கும். காய்ந்த பிறகு வாங்குபவர்கள் இவற்றைப் பார்க்க இயலாது. அவர்கள் தட்டிப் பார்க்க வேண்டும். முற்றிய கழியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தித் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இளங்கழி மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள கழி உள்ளுக்குள் அதிர்ந்து கரகரக்கும். சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தானே. கம்பின் தரத்தையும் காதால் அறிவது பொருத்தமாகவே இருக்கிறது.

வண்டு மூங்கிலைத் துளைப்பது அதிலுள்ள மாவுச்சத்துக்காக. மழை ஓய்ந்து, குளிர் தொடங்கிய பிறகு வெட்டிய கழியில் மாவுச்சத்து குறைந்திருக்கும்; குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டியது விரைவில் உளுத்துப்போகும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதைப் பின்பற்றுவதில் நட்டமில்லை, ஆனால் பிறையைப் பார்த்துவிட்டுப் பருவத்தைப் பார்க்காமல் விட்டால் பயனில்லை. தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதந்து வந்த மூங்கிலில் மாவுச்சத்து பெருமளவு நீரில் கரைந்து போய்விடுவதால் அதை வண்டு எளிதில் தொடுவதில்லை. விற்பவரிடம் கழி நீர்வழி வந்ததா, லாரியில் வந்ததா என்று கேட்பது வீண் கேள்வி அன்று. ஐயம் இருந்தால், வெட்டிய முனையில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மாவுச்சத்து மிகுந்திருந்தால் அந்த இடம் கருநீலமாக மாறும், குறைந்திருந்தால் மருந்தின் பழுப்பு நிறமே நிற்கும். ஏற்கெனவே வண்டு ஏறிய கழியை அறிய எதுவும் தேவையில்லை. கழியைச் செங்குத்தாக நிறுத்தித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் பால்பொடி போன்ற தூள் கொட்டும்.

மரக்கம்பு பற்றி

பர்மாத் தேக்கின் புகழ் உலகறிந்ததாகையால், தேக்கில் கடைந்த கம்பே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மவரிடம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. இருபது வயதில் ஒரு தச்சரிடம் சொல்லி, கைக்கு வழுவழுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு ஒரு தேக்குக் கம்பு கடைந்து வாங்கினேன். மூன்றாம் வாரம், நண்பனின் கம்போடு நேருக்கு நேர் மோதியபோது அது நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாய்வாகப் பிளந்து, பிளந்த துண்டு அவன் கன்னத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே. தச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் அவர் செய்து கொடுத்தார். பலகையிலிருந்து அறுத்துக் கடைந்த கம்பில் மரத்தின் நார் முனைக்கு முனை ஓடுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் நார் சாய்ந்து வெளியேறும், அந்த இடத்தில்தான் அது பிளக்கும். மூங்கிலிலும் பிரம்பிலும் இயற்கையே நாரை முனையிலிருந்து முனைவரை இழுத்து வைத்திருக்கிறது.

ரயில் பாதைக் கட்டைக்குப் பயன்படும் பியிங்கடோ மரம் எளிதில் முறியாது. ஆனால் அதன் கனம் கையைக் கெடுக்கும், எதிராளியின் எலும்பையும் கெடுக்கும். தனியே நின்று தோள்வலிமைக்காகச் சுற்றுபவர் வைத்துக்கொள்ளலாம். எதிர்க்கம்பு உள்ள பயிற்சியில் அதற்கு இடமில்லை. இரும்புக் குழாயையும் அலுமினியக் குழாயையும் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: மேடையில் சுற்றிக் காட்டுவதற்கன்றி வேறெதற்கும் அவற்றை எடுக்க வேண்டாம்.

நீளம், பருமன், எடை

நெடுங்கம்பின் நீளத்துக்குப் பல மரபுகள் உண்டு. ஐந்தரை அடி என்று நிலையாக வைப்பவர்களும், நெற்றி உயரம் என்று ஆளுக்கு ஆள் அளப்பவர்களும் இருக்கிறார்கள். கற்பவருக்கு நான் பரிந்துரைப்பது, வெறுங்காலில் நிமிர்ந்து நின்றால் புருவத்தைத் தொடும் உயரம். ஐந்தடி ஆறங்குலம் உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய ஐந்தடி இரண்டங்குலம் வரும். கடைக்காரரிடம் தவுங் கணக்கில் சொல்வது எளிது. பர்மியரின் தவுங்கும் நம் முழமும் ஒன்றுதான், பதினெட்டு அங்குலம். மூன்றரைத் தவுங் என்று வாங்கி, வீட்டில் அளந்து தறித்துக்கொள்ளலாம்.

நீளத்தில் தாராளம் காட்டுபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே பருமனுள்ள கம்பில் நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினால், எடையும் அவ்வளவே கூடும். ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் பளு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனெனில் கூடிய எடை கையிலிருந்து தொலைவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வளருகிற பிள்ளைதானே, ஓரங்குலம் கூடவே இருக்கட்டும் என்று சட்டை தைப்பதுபோல் கம்பை வாங்கினால், பிள்ளையின் மணிக்கட்டுதான் அதற்கு விலை கொடுக்கும். கம்பு மலிவான பொருள். பிள்ளை வளர்ந்தால் வேறொன்று வாங்கலாம்.

பருமனைக் கையே சொல்லும். கம்பைக் கையால் பொத்தினால் நடுவிரலின் நுனி, கட்டைவிரலின் அடிமேட்டை மெல்லத் தொட வேண்டும். விரல் உள்ளங்கையில் புதைந்தால் கம்பு மெலிந்தது, பிடி இறுகி முன்கை வலிக்கும். விரல் தொடவேயில்லையென்றால் பருத்தது, சுழற்றும்போது நழுவும். வயது வந்தவர் பெரும்பாலோருக்கு இது முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடையில் அமையும். 

எடையைப் பர்மாவின் வீசைக் கணக்கிலேயே சொல்கிறேன். இங்கே ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ, தமிழ்நாட்டின் பழைய வீசை 1.4 கிலோதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கத்து வீசையில் நூறில் ஒரு பங்கு கியாட்தா, அதாவது சுமார் 16 கிராம். 160 சென்டிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள பிரம்புக் கம்பு ஏறத்தாழ 20 கியாட்தா இருக்கும். அதே அளவில் குழலில்லாத கல்மூங்கில் 30 கியாட்தா வரை வரும். பியிங்கடோ 37 கியாட்தாவை எட்டிவிடும். முதல் ஆறு மாதத்துக்கு 20 முதல் 25 கியாட்தா போதும். சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசிலேயே இதை நிறுத்துப் பார்க்கலாம்; கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மோவாய் உயரமுள்ள பிரம்பு, சுமார் 16 மில்லிமீட்டர் குறுக்களவில், 8 கியாட்தாவுக்கு மேற்படாமல் இருந்தால் நல்லது. இரு முனையிலும் பழைய துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

கழியைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி முனையோடு முனை நோக்குங்கள். பிறகு கால்வட்டம் திருப்பி மறுபடி நோக்குங்கள். ஒரே பக்கமாக வில்போல் வளைந்ததை நெருப்பில் நிமிர்த்திவிடலாம். பாம்புபோல் இரு பக்கமும் நெளிந்ததை விட்டுவிடுங்கள். சமதரை கிடைத்தால் உருட்டிப் பாருங்கள். நேரான கழி ஒரே சீராக உருளும், வளைந்தது தத்தித் தத்திப் போகும்.

சமநிலை பார்க்க, கழியை நீட்டிய ஒரு விரல்மேல் கிடத்துங்கள். மூங்கிலில் அடிப்பக்கம் பருத்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருப்பது இயல்பாகையால், தராசுப் புள்ளி நட்டநடுவில் விழாது. அடிப்பக்கமாக மூன்று நான்கு விரல்கடை தள்ளி விழலாம். அதற்கு மேல் தள்ளினால், கம்பைக் கைமாற்றி வீசும்போது இரு பக்கமும் இரு வேகம் காட்டும். ஒரு கையால் அடியைப் பிடித்தே வீசும் மரபில் பயில்பவருக்கு இந்தக் குறை பெரிதன்று.

கணுக்களை எண்ணுங்கள். கணு நெருங்கிய கழி பிளவைத் தடுத்து நிறுத்தும். ஒரு கணுவில் தொடங்கிய கீறல் பெரும்பாலும் அடுத்த கணுவில் நின்றுவிடும். ஆனால் உங்கள் கை வழக்கமாக அமரும் இடத்தில் புடைத்த கணு இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். அதனால் கழியைத் தறிப்பதற்கு முன், எந்த முனையில் எவ்வளவு குறைத்தால் கணு கையிலிருந்து விலகும் என்று பிடித்துப் பார்த்த பின்னரே இரம்பத்தை வைக்க வேண்டும். இரு முனைகளும் கணுவுக்கு அருகிலேயே முடிந்தால் மிக நல்லது, முனை எளிதில் பிளக்காது. ஐந்தாறு கழிகளிலிருந்து ஒன்றைப் பொறுக்குவதற்கு நான் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வதில் பாதி இந்தக் கணுக் கணக்கிற்கே போய்விடும்.

பிறகு கழியை முழங்காலில் வைத்து மெதுவாக வளையுங்கள். வளைந்து, விட்டவுடன் துள்ளித் திரும்ப வேண்டும். வளையவே மறுப்பது அதிகம் காய்ந்தது. வளைந்தபடியே சோம்பி நிற்பது இளசு. கடைசியாகப் பழைய லுங்கித் துணியால் கழியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உருவுங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய சிம்பு துணியில் சிக்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே கழியை வாங்காமல், ஒரே கட்டிலிருந்து ஒத்த எடையுள்ள இரண்டை வாங்குவது என் வழக்கம். எதிர்க்கம்பு பயிலும்போது இருவர் கம்பும் ஒரே பொருளாக இருக்க வேண்டும். பிரம்பின்மேல் கல்மூங்கில் மோதினால் பிரம்பு நாள்தோறும் நைந்துகொண்டே போகும், பிரம்பை வைத்திருப்பவர் தடுப்பதற்குப் பதிலாக ஒதுங்கவே பழகிவிடுவார்.

வாங்கிய கழியைக் கம்பாக்குதல்

பச்சைக் கழியானால் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், பரப்பிய கட்டைகளின்மேல் கிடத்தி, வாரம் ஒருமுறை புரட்டி, இரண்டு மாதமாவது காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். விறகடுப்பு உள்ள வீடானால் அடுப்புக்கு மேல் பரணில் கட்டித் தொங்கவிடலாம். புகை படிந்த மூங்கிலை வண்டும் பூஞ்சையும் நெருங்குவது அரிது.

நிமிர்த்துவதற்குக் கரியடுப்பின் கனல் போதும். வளைந்த இடத்தைக் கனலுக்கு ஒரு சாண் மேலே, நிற்காமல் உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பிரம்பானால் முதல் நாள் இரவு நனைத்து வைத்திருந்தால் எளிதில் இளகும். கை பொறுக்காத சூடு ஏறியதும் கவைக்கட்டையில் மாட்டி, வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாகவே வளைத்துப் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து ஆறவிட வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் கையை எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்; பொறுமையற்றவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கழியின் மேல் கரும்புள்ளி விழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், அந்த இடம் பின்னர் முறியும்.

கணுவின் புடைப்பை மட்டும் அரத்தால் தேய்த்து மட்டப்படுத்துங்கள். கழியின் மேல்தோலைச் சீவவே கூடாது. மூங்கிலின் நார் வெளிப்புறத்தில்தான் நெருங்கி இருக்கிறது. வழவழப்பாக இருக்கட்டும் என்று தோலைச் சுரண்டுபவர், வலுவான பகுதியை எறிந்துவிட்டு உள்ளிருக்கும் மென்மையான சோற்றைப் போற்றுகிறார். முனைகளின் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி மரப்பசை பூசுங்கள். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றினாலும் போதும். பித்தளைப் பூண் போடுவது அழகுதான், முனையும் கெடாது. ஆனால் பூண் போட்ட கம்பு எதிராளியின் தோலைக் கிழிக்கும், நுனியையும் கனமாக்கும். அதைத் தனிச்சுற்றுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இடுவது மாதம் ஒருமுறை. நல்லெண்ணெயில் நாலில் ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து, துணியில் நனைத்துத் தேய்த்து, ஒரு நாள் கழித்துக் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். சூரத்தி பஜார் என்று நம் பெரியவர்கள் சொல்லும் தெய்ஞ்சி சந்தையில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் வேப்பெண்ணெய் கேட்டுப் பார்க்கலாம். வார்னிஷ் வேண்டாம், வியர்வை பட்டால் அது வழுக்கும், கீறல் விழுந்தால் வண்ணத்துக்குள் மறைந்துகொள்ளும். பயிற்சிக்கு முன் கம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, நீர்ப்பரப்பில் அடித்துப் பழக்கும் வழக்கம் நம் மரபில் உண்டு. மிகவும் காய்ந்து கடினமான கம்பு இதனால் சற்று இளகி, பிளவுக்குத் தப்பும்.

இங்கே தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. மண்டலேயில் அதில் பாதிகூட இல்லை. யாங்கோனின் ஈரத்தில் பழகிய கம்பை மார்ச், ஏப்ரல் வெயிலில் மண்டலேக்குக் கொண்டுபோனால் சில நாளிலேயே வெடிக்கக்கூடும். கொண்டுபோவதற்கு முன் எண்ணெய் இட்டு, போன இடத்தில் முதல் வாரம் துணி சுற்றி உள்ளறையில் வையுங்கள். மழைக்காலத்தில் கம்பைச் சுவரில் சாய்த்து வைக்காமல், இரண்டு ஆணிகளில் கிடைமட்டமாக மாட்ட வேண்டும். சாய்த்த கம்பு தன் எடையாலேயே வளைந்துவிடும்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்கொம்பு முன்னாளில் புல்வாய் மானின் இரு கொம்புகளை எதிரெதிராக வைத்துச் செய்தது. அம்மான் இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இன்று பயிற்சிக்கு மரத்திலோ இரும்பிலோ செய்ததையே, முனையை மழுக்கி, பயன்படுத்த வேண்டும். இங்குள்ள தமின் மானும் அழியும் நிலையிலுள்ள பாதுகாக்கப்பட்ட விலங்கு. யாரேனும் அதன் கொம்பை விற்க வந்தால் வாங்காதீர்கள். வாள் பயில்பவர் மரவாளில் தொடங்குவது நல்லது. பர்மியரின் தா வாள் கடைகளில் எளிதில் கிடைப்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். தாவில் கைக்காப்பு இல்லை, பிடி நீளம், அலகு ஒருபுறம் கூரியதாய்ச் சற்று வளைந்தது. தைங் என்னும் பர்மியத் தற்காப்புக் கலையில் ஆயுதப் பகுதியான பன்ஷே முறை அந்த அமைப்பை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. நம் வாள்வீச்சுக்கு அது கையைக் காக்காது. பன்ஷே கற்க விரும்புபவர் பன்ஷே ஆசானிடமே போய் அதைக் கற்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம். சுருள்வாளைப் பற்றி ஆசான் தாமாகப் பேச்செடுக்கும்வரை மாணவர் வாய் திறக்காமல் இருப்பதே முறை.

கம்பை வெளியில் கொண்டுபோகும்போது துணி உறையில் இட்டு, முடிந்தால் களத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்றைய சூழலில் நீண்ட கழியைத் திறந்து பிடித்துக்கொண்டு சாலையில் நடப்பது வேண்டாத விசாரணைக்கு இடம் கொடுக்கும்; கூர்ங்கருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் கம்பைத் துணியால் ஒருமுறை உருவி, தரையில் ஒருமுறை தட்டிக் காது கொடுங்கள். கரகரப்புக் கேட்டால் அன்றே அதை ஒதுக்கிவிட வேண்டும்; கயிறு சுற்றியோ பசை தடவியோ எதிர்க்கம்புப் பயிற்சிக்கு மீண்டும் எடுக்கக் கூடாது. கீறல் முனையில் மட்டும் இருந்தால் கணுவுக்கு வெளியே தறித்துவிட்டு, மீந்த நல்ல பகுதியை இரண்டாக்கி, இரட்டைக் குறுங்கம்பாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் கீறியிருந்தால் அவரைக் கொடிக்குக் குச்சியாக நட்டுவிடுங்கள்.